ஒரு குக்கீ மட்டும் தப்பியது

அத்தியாயம் நான்கு

காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுப்பது நிதானத்தின் தொழில், ஆனால் அன்று அவளுக்கு வேலை செய்யவே மனசில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது முழங்கால் வழக்கம்போல முனக ஆரம்பித்திருந்தது. எதிர் நாற்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, மேஜைமேல் கிடந்த பழைய லேப்டாப்பை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட இப்போது யாருமில்லை. போலீஸ்காரர்கள் கிண்டலாக வைத்த 'நிதானம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், உங்கள் கணினியில் குக்கீ வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்குமே, அதை மற்றவர்கள் 'சரி' என்று ஒரு தட்டு தட்டி விரட்டிவிடுவார்கள். இவள் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். விளம்பரத்துக்கு வேண்டாம், கணக்கெடுப்புக்கு வேண்டாம், கூட்டாளி நிறுவனங்களுக்கு வேண்டாம் என்று ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத்தான் செய்தியைப் படிப்பாள். அதற்குள் செய்தி பழசாகியிருக்கும்.

"நீங்க எல்லாருக்கும் வேண்டாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பிறந்துடுவான் மேடம்," என்றான் வெடி.

வெடி அவளுடைய உதவியாளன். இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பன். முன்மண்டை முடியில் பாதியை ஏற்கெனவே இழந்தவன். அவன் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்த ஆள் காலையில்தான் வந்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த முடியை முன்நெற்றிக்கு இழுத்து வாரியிருந்தார். பேச்சுக்குப் பேச்சு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காணாமல் போன பெண்ணுக்குத் தம்பி என்று சொன்னார். அக்கா, புருஷனுடைய கொடுமை தாங்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள், இப்போது அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கண்ணை மூடுவதற்குள் மகளைப் பார்க்கவேண்டும் என்கிறாள் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரு போட்டோவும் கொடுத்தார். அக்காவும் சின்னப் பெண்ணும் நிற்கிற படம். வலது பாதி வெட்டப்பட்டிருந்தது. அக்காவின் தோளில் ஓர் ஆண் கை மட்டும் மிச்சமிருந்தது.

"அத்தான் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல மேடம், அதான் வெட்டிட்டேன்," என்றார். போகும்போது திரும்பவும் சொன்னார். "லேப்டாப்பைப் பையோடவே வச்சுக்கோங்க. எங்க போனாலும் கையோட எடுத்துட்டுப் போங்க. அக்காவோட ஞாபகமா எங்களுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

நிதானத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேடிக் கொடுங்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் பாவமாகத்தான் இருக்கிறார்கள். இத்தனை வருஷமாக ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சந்தோஷப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் அவளுக்குத் தூக்கம் கெடும். அதனால் யோசிப்பதில்லை.

வெடி பையிலிருந்து சார்ஜரை உருவினான். "லேப்டாப் கிழவனாயிடுச்சு. பைக்கு மட்டும் இன்னும் பால் பல்லே விழல." பளபளவென்று புதுப் பை. லேப்டாப்பின் மூடியைத் தூக்கியதும் திரை விழித்துக்கொண்டது. யாரோ படித்துவிட்டு அப்படியே விட்ட செய்திப் பக்கம் திறந்து கிடந்தது. செய்தியைச் சுற்றிலும் விளம்பரங்கள்.

"முன்வழுக்கையா, கவலை வேண்டாம்," என்று வெடி வாசித்தான். உடனே தலையைத் தடவிக்கொண்டான். "இதுக்குக் கண்ணு இருக்கு மேடம். என்னைப் பார்த்துட்டுத்தான் பேசுது."

"அடுத்தது?"

"உங்கள் மனைவியின் கோபம் தணிய ஒரு திருமண நாள் பரிசு. விளம்பரக்காரன் நல்லாக் குழம்பிட்டான். அக்காவுக்கு ஏது மனைவி? இங்க பாருங்க, பட்டன் பேட்டரி, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். சாவிக்கொத்துல மாட்டுவாங்களே ஒரு வில்லை, சாவி எங்க கிடக்குன்னு போன்ல காட்டுமே, அதுக்குப் போடுற பேட்டரி. அக்கா சாவியைத் தொலைக்கிற ஆள் போல."

நிதானத்தின் மனசில் ஏதோ ஒன்று லேசாக உறுத்தியது. ஆனால் முழங்கால் அதைவிட அதிகமாக உறுத்தியது. அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பிரவுசரின் செட்டிங்ஸுக்குள் போனாள். பழைய தேடல்கள் ஒன்றும் இல்லை. பார்த்த பக்கங்களின் தடமே இல்லை. துடைத்து வைத்த பாத்திரம்போல இருந்தது.

"கெட்டிக்காரி," என்றாள். "பார்த்த பக்கம் எதையும் எழுதி வைக்காதேன்னும், பிரவுசரை மூடின உடனே எல்லாக் குக்கீயையும் அழிச்சிடுன்னும் செட் பண்ணி வச்சிருக்கா. தினம் மூடியிருப்பா, தினம் அழிஞ்சிருக்கும்."

"இந்தக் குக்கீயைத்தான் நான் தின்கிற குக்கீன்னு ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன்."

"பெரிய கடைக்குள்ள போனா நம்ம பையை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு டோக்கன் தருவாங்கல்ல, அது மாதிரி. நாம போற ஒவ்வொரு தளமும் ஒரு டோக்கனை நம்ம பிரவுசர்ல சொருகிடும். அடுத்த தடவை போனா டோக்கனைப் பார்த்து, ஓ, நீங்களான்னு அடையாளம் கண்டுக்கும். விளம்பரக்காரன் தர்ற டோக்கன் இருக்கே, அதைப் போற இடமெல்லாம் பார்த்து, நீ என்ன வாங்கினே, என்ன தேடினேன்னு கணக்கு வச்சுக்குவான்."

"என் மாமியார் செய்யிற வேலை."

நிதானம் சிரிக்கவில்லை. செட்டிங்ஸின் அடியில் ஒரு சின்ன இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் அழி என்று உத்தரவு போட்டவள், ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தாள். அது ஒரு நீச்சல் குளத்தின் தளம்.

அதைத் திறந்தாள். பாஸ்வேர்டு கேட்கவில்லை. 'மீண்டும் வருக' என்று குளம் அன்பாக வரவேற்றது. குட்டி மீன்கள் பிரிவு, மாணவி ஒருத்தி, அவளுடைய உடல்நிலை பற்றி இரண்டு பக்கத்துக்குக் கேள்வி பதில். அடுத்த வகுப்பு இன்று நாலரை மணிக்கு.

"புரியுது," என்றாள் நிதானம். "ஒவ்வொரு வாரமும் இந்த ரெண்டு பக்கத்தையும் திரும்பத் திரும்ப அடிக்க முடியாம, இது மட்டும் இருக்கட்டும்னு என்னைக்கோ விட்டிருக்கா. அப்புறம் மறந்துட்டா. வகுப்பை இப்ப போன்ல பதிவு பண்றா. கணக்கு ஒண்ணுங்கிறதால இங்கயும் தெரியுது."

"ஒளிஞ்சு வாழறவங்க நீச்சல் கிளாஸை நிறுத்தியிருக்க வேணாமா?"

"பொண்ணு அழுதிருக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். இப்படி ஒரு சின்னப் பாசத்தில்தான் ஆட்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த பழைய விஷயம். தெரிந்ததில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆபீஸ் கதவின் பூட்டு பத்து நாளாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அதனால் லேப்டாப்பை அங்கே விட்டுப்போக மனம் வராமல், பையை மடியில் வைத்துக்கொண்டு வெடியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள்.

நீச்சல் குளம் ஒரு பழைய கட்டடத்துக்குள் இருந்தது. உள்ளே நுழைந்ததும் குளோரின் நெடி மூக்கைத் தாக்கியது. ஈரத் தரையில் ரப்பர் செருப்புகள் சளக் சளக்கென்று நடந்தன. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சுகளில் பெற்றோர்கள் துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் தண்ணீரில் சின்னச் சின்னத் தலைகள்.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அவள் இருந்தாள். போட்டோவில் இருந்ததைவிட இளைத்திருந்தாள். நீல நிறச் சால்வையைத் தலையைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தண்ணீரைப் பார்த்தாள்.

"ஆச்சு," என்றான் வெடி. "மதியம் வேலையை ஆரம்பிச்சு சாயங்காலம் முடிச்ச கேஸ் இதுதான் மேடம். தம்பிக்கு போன் போடட்டுமா?"

"முதல்ல நான் போய்ப் பேசுறேன். அம்மாவுக்கு முடியலைன்னு பக்குவமா சொல்லணும்."

கண்ணாடிக் கதவை நெருங்கியபோது கவுன்டரில் இருந்த பெண் கையை நீட்டினாள். "பையை உள்ள எடுத்துட்டுப் போகக்கூடாது. இங்க வச்சிட்டு டோக்கன் வாங்கிக்கோங்க."

நிதானம் பையைக் கொடுத்தாள். பித்தளை டோக்கன் ஒன்று கைக்கு வந்தது. அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த ஒரு தகப்பன் தொண்டையைச் செருமிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனான்.

"பையை யார் கொடுத்தாங்களோ அவங்களுக்குத்தானே டோக்கன்," என்றாள் மெதுவாக.

"வேற யாருக்குத் தருவாங்க? என்ன மேடம், முழங்கால் வலி தலைக்கு ஏறிடுச்சா?"

"வெடி, மதியம் லேப்டாப்பைத் திறந்தியே, பிரவுசரைப் புதுசா திறந்தியா?"

"இல்ல. மூடியைத் தூக்கினேன். பக்கம் ஏற்கெனவே திறந்து நின்னுச்சு."

"இவ பிரவுசரை மூடிட்டுப் போற ஆள். மூடினா எல்லாம் அழிஞ்சிடும், குளத்தைத் தவிர. அப்போ நாம பார்த்த விளம்பரமெல்லாம் யாரோட டோக்கனுக்கு வந்தது?"

வெடி தன் மண்டையைத் தடவினான். "அவங்க போனதுக்கப்புறம் அது முன்னாடி உட்கார்ந்தவனோட டோக்கனுக்கு. பிரவுசரை மூடாம லேப்டாப் மூடியை மட்டும் மூடிட்டு எழுந்து போறவன். முன்வழுக்கை." கொஞ்சம் நிறுத்தினான். "மனைவியின் கோபம் தணிய."

"புருஷன் வீட்டுல அவ விட்டுட்டுப் போன லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து, கோபிச்சுக்கிட்ட மனைவிக்குக் கல்யாண நாள் பரிசு தேடுறவன் தம்பியா? போட்டோவுல வெட்டின பாதியில நின்னது யாருன்னு இப்பத் தெரியுதா?"

சரியாக அப்போது அவளுடைய போன் அடித்தது. காலையில் வந்தவர்.

"எங்க இருக்கீங்க மேடம்?" குரல் பணிவாகத்தான் இருந்தது.

"ஆபீஸ்லதான். இன்னும் பார்த்துட்டிருக்கோம்."

"ஆபீஸ்லயா?" என்று திரும்பக் கேட்டார், பதிலை நம்பாதவர்போல. "சரி," என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நிதானம் வெடியின் பக்கம் திரும்பினாள். "பேட்டரி," என்றாள். "வில்லை வாங்கினவனுக்குத்தான் அதுக்குப் பேட்டரி வேணுமான்னு விளம்பரம் வரும். சாவிக்கொத்துல போட வாங்கலை அவன். பையைக் கேட்டு வாங்கு."

கவுன்டர் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே பையைத் திருப்பிக் கொடுத்தாள். வெடி அடிப்பக்கத்துத் துணியைத் தடவினான். தையல் ஓர் இடத்தில் மட்டும் கையால் போட்டதாக இருந்தது. ஸ்கூட்டர் சாவியால் அதைக் கீறினான். காசு அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை உள்ளங்கையில் விழுந்தது. அவன் அதற்கு ஒரு கிண்டலும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"நாம தேடிக் கண்டுபிடிப்போம்னு தெரியும் அவனுக்கு," என்றாள் நிதானம். "நம்ம ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கலை. நம்ம பின்னாடியே வந்துட்டிருக்கான்." அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் மட்டும் இல்லை. கெட்டிக்காரத்தனமாக ஒரு குக்கீயைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே வந்து, ஒரு புலியை ஆட்டுக்குட்டியின் பெஞ்சு வரைக்கும் தானே கூட்டிவந்துவிட்ட தன் மூளையின்மேலும்தான்.

பெஞ்சில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க. உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

அந்தப் பெண் விறைத்துப்போனாள். "நான் ஒரே பொண்ணு. அம்மா போய் நாலு வருஷமாச்சு. நீங்க யாரு?"

"பேசும்போது கண்ணாடியைத் துடைச்சுட்டே இருப்பாரா?"

சால்வையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. நிதானம் சுருக்கமாக எல்லாவற்றையும் சொன்னாள், தன் பங்கையும் மறைக்காமல். லேப்டாப்பில் மிஞ்சியிருந்த குளத்தைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சேனே. வீடு மாத்தினேன், நம்பர் மாத்தினேன், வேலையை மாத்தினேன். அவருக்கு இவ எந்தக் குளத்துல நீந்துறான்னு என்ன, நீந்துறான்னே தெரியாது. அதனால இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்." போனை எடுத்துக் காட்டினாள். அவர் அவளை நெருங்கக்கூடாது என்று கோர்ட் போட்ட உத்தரவின் படம் அதில் இருந்தது. "இதைக் காட்டிக் காட்டி எனக்கு அலுத்துப்போச்சுங்க."

"பின்வாசல் இருக்கு. இப்பவே கிளம்பலாம்."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் குளத்தின் ஒரு முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"இன்னைக்குத்தான் முதல் தடவையா முழு நீளமும் நீந்தப் போறா. ஒரு மாசமா இதையேதான் சொல்லிட்டிருக்கா," என்றாள். "நான் ஓடி ஓடி அலுத்துட்டேன். இவளையும் பாதியில தண்ணியில இருந்து தூக்கிட்டு ஓட என்னால முடியாது."

நிதானம் எழுந்தாள். முழங்கால் முனகியது. கண்டுகொள்ளவில்லை.

"அந்தச் சால்வையைக் கொடுங்க. கோர்ட் உத்தரவை எனக்கு அனுப்பிடுங்க. வெடி, நீ இந்தக் கதவை விட்டு நகரக்கூடாது."

"கல்லைக் கட்டிப் போட்ட மாதிரி நிப்பேன்."

வில்லையைப் பைக்குள்ளேயே போட்டு மூடினாள். வெளியே வந்து டாக்ஸி பிடித்தாள். உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். நிதானம் என்று அவளுக்குப் பெயர் வைத்த புண்ணியவதி அந்த இன்ஸ்பெக்டர்தான்.

"இன்னைக்கு எனக்கு லீவு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதனாலதான் கூப்பிடுறேன். யூனிஃபார்ம் இல்லாம வாங்க. ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கிற ஜூஸ் கடை. ரெண்டு கான்ஸ்டபிள் சமையல்கட்டுல நிக்கட்டும்."

திருப்பத்தில் ஒரு வெள்ளைக் கார் எதிர்ப்பட்டு, குளத்துத் தெருவுக்குள் நுழையப் போய், தயங்கி நின்றது. ஓட்டியவர் மடியில் இருந்த போனைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு டாக்ஸியின் பின்னாலேயே வர ஆரம்பித்தார். நிதானம் இருக்கையில் சரிந்து உட்கார்ந்து, மடியில் இருந்த பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் வந்துசேரும்வரை டாக்ஸியைத் தெருத்தெருவாகச் சுற்றவிட்டு, பிறகு கடையின் பின்வாசலில் இறங்கினாள்.

ஜூஸ் கடையில் கூட்டமில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், தலையைச் சுற்றி நீலச் சால்வை. எதிர் நாற்காலியில் பை. பக்கத்து மேஜையில் செய்தித்தாளுக்குப் பின்னால் நிதானம். செய்தித்தாளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, உங்களுக்கு டோக்கன் வேண்டுமா என்று அது கேட்பதில்லை.

அவர் உள்ளே வந்தார். போனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் காலையில் இருந்த அழுகை போன இடம் தெரியவில்லை. நேராக நடந்துபோய், நீலச் சால்வையின் தோளில் கையை வைத்தார். போட்டோவில் மிச்சமிருந்த அதே கை, அதே இடம்.

"போதும் ஓடினது," என்றார் தாழ்ந்த குரலில். "நீ எங்க போனாலும் வருவேன்னு சொன்னேனா இல்லையா? எழுந்திரு. பொண்ணு எங்க?"

இன்ஸ்பெக்டர் சால்வையை விலக்கிவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"எழுந்துட்டேன் தம்பி. ரொம்பத் தூரமில்லை, ஸ்டேஷன் பக்கத்துலதான். நடந்தே போயிடலாம்."

அவர் வாசலைப் பார்த்தார். சமையல்கட்டிலிருந்து வந்த இருவர் அங்கே நின்றார்கள். "இவங்க என் அக்கான்னு நினைச்சு..." என்று ஆரம்பித்தவருடைய கண்ணில் நிதானம் பட்டுவிட்டாள். கை தானாகக் கண்ணாடியைத் தேடிப் போனது. ஒரு கான்ஸ்டபிள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிதானம் லேப்டாப்பைத் திறந்து இன்ஸ்பெக்டருக்குக் காட்டினாள். விளம்பரங்கள் இன்னும் அங்கேயே நின்றிருந்தன. வழுக்கை மருந்து, மனைவிக்குப் பரிசு, வில்லைக்குப் பேட்டரி. "அந்தப் பொண்ணு தன்னைப் பத்தி ஒரு துரும்பு இல்லாமத் துடைச்சிட்டுப் போயிட்டா. அந்தக் காலி இடத்துல இவர் தன்னை முழுசா எழுதி வச்சு, என்கிட்டயே கொண்டுவந்து கொடுத்தார். இதை மூடினா அழிஞ்சிடும். முதல்ல போட்டோ எடுத்துக்கோங்க." இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு கடைக்காரர் கேட்காமலே ஒரு ஜூஸ் கொண்டுவந்து வைத்தார். நிதானம் குடிக்கவில்லை. போன் வரும்வரை அவளுக்கு எதுவும் இறங்காது.

கொஞ்ச நேரத்தில் வெடி கூப்பிட்டான். பின்னால் எதிரொலியும் கைதட்டலும் கேட்டன.

"தொட்டுட்டா மேடம். அந்தக் கோடி வரைக்கும். நடுவுல ஒரு தடவை தண்ணி குடிச்சா, நிக்கல. அவங்க அம்மா அழுதுட்டிருக்காங்க. எனக்கும் கண்ணுல குளோரின் பட்டுடுச்சு."

"அவங்ககிட்ட சொல்லு, ஆள் ஸ்டேஷன்ல இருக்கான். சால்வை பத்திரமா இருக்கு, நானே கொண்டுவந்து தர்றேன்."

போனை வைத்துவிட்டு லேப்டாப்பில் குளத்தின் பக்கத்தைத் திறந்தாள். மீண்டும் வருக என்றது. கணக்கிலிருந்து வெளியேறினாள். செட்டிங்ஸுக்குப் போய் அந்த ஒரே விலக்கையும் நீக்கினாள். திரையில் காலியான நுழைவுப் பக்கம் வந்து நின்றது. அதன் கீழே, இந்தக் கணினியில் உங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. பக்கத்தில் முன்கூட்டியே போட்டு வைத்த ஒரு டிக்.

நிதானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் அந்த டிக்கை எடுத்தாள். பிறகு பிரவுசரை மூடினாள்.